அந்தச் சின்னக் கைக்கு என்ன வேலை?

நடை பழகியதிலிருந்து பள்ளிக்கூடம் போகும்வரை, ஒரு குழந்தை நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் விழித்திருக்கிறது. அத்தனை நேரமும் அதன் கை எதையாவது தேடிக்கொண்டே இருக்கும். அரிசி டப்பா, சாவிக்கொத்து, தாத்தாவின் மூக்குக்கண்ணாடி, கேஸ் அடுப்பின் திருகு என்று எது எட்டுகிறதோ அது. "கொஞ்ச நேரம் சும்மா இரேன்" என்று கெஞ்சிப் பயனில்லை. சும்மா இருப்பது பெரியவர்களுக்கே கைவராத வித்தை.

வீடுகளில் இதற்கு வழக்கமாக இரண்டு வைத்தியம் நடக்கிறது. ஒன்று புதுப் பொம்மை, மற்றது போன். இரண்டுமே கொஞ்ச நேரத்துக்குப் பலிக்கும். பொம்மை மூன்றாம் நாள் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். போனைத் திரும்ப வாங்கும்போது வீடே அதிரும். காரணம் எளிது. வேடிக்கை காட்டினால், காட்டுகிறவர் ஓய்ந்த நொடியில் அழுகை தொடங்கிவிடும். கைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டாலோ, குழந்தை அதைத் தானே நீட்டிக்கொண்டு போகும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "இதற்கு என்ன காட்டலாம்?" என்பதல்ல, "இதன் கையில் என்ன கொடுக்கலாம்?" என்பதுதான்.

பாதியைப் பரணில் போடுங்கள்

முதலில் செய்ய வேண்டியது எதையும் வாங்காமல் இருப்பது. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒன்றரை முதல் இரண்டரை வயதுவரை உள்ள 36 குழந்தைகளை ஒரு முறை 4 பொம்மைகளோடும், இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள். பதினாறு இருந்தபோது குழந்தைகள் ஒன்றை எடுத்து, உடனே போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவின. நான்கே இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம் இருந்தன. அதே பொம்மையை உருட்டின, தட்டின, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தன, புதுப் புது விதமாகப் பயன்படுத்தின.

பேரன் பேத்திக்குத் திருவிழாவுக்குத் திருவிழா பொம்மை வாங்கி வரும் தாத்தா பாட்டிகளிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். வாங்கி வந்ததைத் தடுக்க வேண்டாம். நாலைந்தை மட்டும் வெளியே வைத்துவிட்டு, மற்றதை ஒரு துணிப்பையில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து வெளியே இருப்பதை மேலே அனுப்பி, மேலே இருப்பதை இறக்குங்கள். பழைய பொம்மைக்கே புதுப் பொம்மைக்கான வரவேற்பு கிடைக்கும்.

எந்த நாலைந்தை வைப்பது? பட்டனை அழுத்தினால் பாடி, விளக்கெரிந்து, தானே ஓடும் பொம்மை எல்லா வேலையையும் தானே செய்துவிடுகிறது. குழந்தைக்கு மிஞ்சுவது பட்டனை அழுத்துவது மட்டும்தான். ஆங்கிலேயக் கலைஞரான சைமன் நிக்கல்சன் 1971இல் இதைப் பற்றி எழுதினார். ஓரிடத்தில் நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் கூடிய உதிரிப் பொருட்கள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கு அங்கே குழந்தைகளின் கற்பனையும் கண்டுபிடிப்பும் கூடும் என்பது அவர் வாதம். உதிரி என்றால் அட்டைப்பெட்டி, துணி கிளிப், மூடிகள், தேங்காய்ச் சிரட்டை, பழைய துப்பட்டா. அட்டைப்பெட்டி காலையில் பஸ், மதியம் கடை, மாலையில் சாமி கோயில்.

கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் சொப்புச் சாமான் வாங்குங்கள் என்பேன். அம்பாசமுத்திரம் பக்கம் கடைசல் பிடித்துச் செய்யும் மரச் சொப்பில் அடுப்பு, பானை, உரல், அம்மி, திருகை எல்லாம் உண்டு. அவற்றில் எதுவுமே தானாக எதையும் செய்யாது. அதுதான் அவற்றின் சிறப்பு. சமைப்பதும் பரிமாறுவதும், "உப்புப் போதலை" என்று குறை சொல்வதும் குழந்தையின் பொறுப்பு. இயந்திரப் பொம்மையோ பிளாஸ்டிக் பொம்மையோ எதை வாங்கினாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் அது கட்டாயம்.

வயதுக்குத் தக்க கை

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தை வளர்வதைக் கூர்ந்து பார்த்தவர்கள். வழக்கமாகச் சொல்லும் கணக்கில், கையையும் முழங்காலையும் ஊன்றித் தலையை ஆட்டும் செங்கீரை ஐந்தாம் மாதம். இரு கையையும் சேர்த்துத் தட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம். நிலாவைக் கூப்பிடும் அம்புலி ஒன்றேகால் வயதில். சிறுபறை முழக்குவதும் சிற்றில் சிதைப்பதும் சிறுதேர் உருட்டுவதும் அதற்குப் பிறகு. இந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு பொம்மைக் கடைக்குப் போனால் பாதிப் பணம் மிச்சமாகும்.

ஒன்பது, பத்து மாதக் குழந்தை கரண்டியைக் கீழே போடும். நீங்கள் எடுத்துக் கொடுத்தால் மறுபடி போடும். உங்களை வம்புக்கு இழுப்பதாக நினைக்க வேண்டாம். கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமல் போய்விடுவதில்லை என்பதை அது அப்போதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கரண்டியை எடுத்து எடுத்து இடுப்பு வலித்தால், ஒரு துணியின் கீழ் மறைத்துவைத்துத் தேட விடுங்கள். முகத்தைத் துண்டால் மூடித் திறக்கும் விளையாட்டில் இந்த வயது கெக்கலித்துச் சிரிப்பதற்கும் இதுவே காரணம்.

ஒரு வயதைத் தாண்டியதும் போடுவதும் எடுப்பதும் பெரும் தொழில். ஒரு அகன்ற டப்பா, அதில் எலுமிச்சம்பழம், உருளைக்கிழங்கு, காலி நூல்கண்டு என்று கைக்கு அடங்கும், வாய்க்கு அடங்காத பொருட்களைப் போட்டுக் கொடுத்தால், கொட்டி நிரப்பிக் கொட்டிக்கொண்டிருக்கும். ஒன்றரை வயதில் நம்மைப் பார்த்துச் செய்யும் ஆசை வந்துவிடும். துடைப்பத்தைப் பிடுங்கும், போனைக் காதில் வைத்து ஊர்க்கதை பேசும். இரண்டரை, மூன்றில் "நான் டீச்சர், நீ பாப்பா" வகை நடிப்பு. நான்கு, ஐந்தில்தான் முறைவைத்து ஆடும் ஆட்டங்கள் பிடிபடும். தாயமும் பரமபதமும் மூன்று வயதுக்குக் கொடுத்தால் பாம்பு கடித்ததும் பலகை பறக்கும். அது குழந்தையின் குற்றமல்ல, நாம் கொடுத்த நேரம் தப்பு.

பல்லாங்குழி இதில் ஒரு விதிவிலக்கு. ஆட்டத்தின் கணக்கு பிறகு வரட்டும். ஒவ்வொரு குழியாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போவதே நாலு வயதுக் குழந்தைக்கு நல்ல வேலை, எண்ணவும் வரும். புளியங்கொட்டையோ சோழியோ போடுங்கள். குன்றிமணி மட்டும் வேண்டாம். பார்க்க அழகாக இருக்கிறது என்று பல வீடுகளில் அதைத்தான் வைத்திருப்பார்கள். தோல் உடைந்த குன்றிமணியை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான விஷம் அது.

அடுப்படியே பட்டறை

வீட்டில் குழந்தை அதிகம் படுத்துவது சமைக்கும் நேரத்தில்தான். நம் கவனம் தன்மேல் இல்லை என்பது அதற்குத் தெரிந்துவிடுகிறது. கூடவே, நாம் ஏதோ சுவாரஸ்யமான காரியம் செய்கிறோம் என்பதும் தெரிகிறது. "அங்கே போய் விளையாடு" என்று ஹாலுக்கு விரட்டினால் இரண்டே நிமிடத்தில் திரும்பி வருவதும் இதனால்தான். விரட்டாமல், அடுப்பிலிருந்து தள்ளி, உங்கள் கண்ணுக்கு நேரே ஒரு பாயை விரித்து உட்காரவைத்து வேலை கொடுத்துப் பாருங்கள்.

பூண்டைப் பல்லாக உதிர்ப்பது இரண்டு வயதுக்கே முடியும். சின்ன வெங்காயத்தின் காய்ந்த தோலை மட்டும் உரித்துப் போடலாம். முருங்கைக்கீரை உருவுவது மூன்று வயதுக்கு அருமையான வேலை. குழந்தை உருவியதில் காம்பு பாதி இருக்கும், நீங்கள் மறுபடி ஆய வேண்டியிருக்கும். ஆனால் இருபது நிமிடம் கிடைத்துவிடும். சப்பாத்தி மாவில் ஓர் உருண்டையும், ஒரு டம்ளரும் கொடுத்தால் வட்ட வட்டமாக வெட்டிக்கொண்டிருக்கும். அழுக்குத் துணியில் அப்பா சட்டை, அம்மா சேலை, பாப்பா கவுன் என்று பிரிக்கச் சொல்லலாம். காய்ந்த துணியில் கைக்குட்டைகளை மடிக்கச் சொல்லலாம். காலுறைக்கு ஜோடி தேடுவது புதிர் விளையாட்டேதான், காசில்லாமல் கிடைப்பது. இட்லித் தட்டின் குழிகளில் எலுமிச்சம்பழங்களை வைத்து எடுப்பதும் அப்படியே.

இந்த வேலைகளில் ஒரு நுணுக்கம் உண்டு. வேலை நிஜமாக இருக்க வேண்டும். உதிர்த்த பூண்டு அன்றைய குழம்பில் விழ வேண்டும், அது குழந்தைக்குத் தெரியவும் வேண்டும். "இன்னைக்கு ரசத்துக்குப் பூண்டு உரிச்சது யாரு?" என்று சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை கேட்டால், மறுநாள் அதுவே பூண்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வரும்.

தண்ணீரைப் போல் நீண்ட நேரம் பிடித்துவைக்கும் பொருள் வேறில்லை. மொட்டைமாடியிலோ குளியலறை வாசலிலோ ஓர் அகலத் தட்டில் கொஞ்சம் தண்ணீர், இரண்டு டம்ளர், ஒரு வடிகட்டி, ஒரு புனல், ஒரு பஞ்சு. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஊற்றுவதும் பிழிவதும் போதும். பழைய பெயின்ட் பிரஷ்ஷைத் தண்ணீரில் தோய்த்துக் கொடுத்து, "சுவருக்கு வெள்ளையடி" என்று சொல்லிவிட்டால் வெயிலில் காய்ந்துபோகும் சுவருக்கு மறுபடி மறுபடி வெள்ளையடித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு பெரியவர் கட்டாயம் இருக்க வேண்டும். சிறு குழந்தை மூழ்குவதற்குச் சில அங்குலத் தண்ணீர் போதும். தலைகுப்புற வாளிக்குள் விழுந்தால் அதனால் எழ முடியாது, சத்தமும் வராது. விளையாட்டு முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள்.

களிமண்ணுக்கு மாற்றாக வீட்டிலேயே மாவு பிசையலாம். ஒரு கப் மைதா, அரை கப் உப்பு, ஒரு கரண்டி எண்ணெய், பிசையத் தேவையான அளவு தண்ணீர். மஞ்சள்தூளும் பீட்ரூட் சாறும் நிறத்துக்கு. மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் சில நாட்கள் வரும். இவ்வளவு உப்பு வயிற்றுக்கு ஆகாது. கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் போடும் வயதுக்கு உப்பில்லாத சப்பாத்தி மாவே போதும்.

வாசலில் மரம் இருக்கிற வீடு என்றால் கொடுத்துவைத்தவர்கள். பூவரசு இலையைச் சுருட்டி ஒரு முனையை லேசாக நசுக்கி ஊதினால் பீப்பீ. தென்னங்கீற்றில் கைக்கடிகாரம், கண்ணாடி, பாம்பு. பனையோலையில் முள் குத்திய காற்றாடி. கோடையில் நுங்கு தின்று முடித்த இரண்டு காலிக் காய்களைக் குச்சியில் கோத்தால் வண்டி. பிள்ளைத்தமிழ்க் குழந்தையின் சிறுதேருக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. குப்பையிலிருந்து பொம்மை செய்வதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர், 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், பழைய செய்தித்தாள் ஆகியவற்றில் அவர் செய்து காட்டிய பொம்மைகளின் செய்முறைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தீக்குச்சி மாடல்கள் பெரிய பிள்ளைகளுக்கு. செய்தித்தாள் தொப்பிகள் நாலு வயதுக்கே ஆகும்.

எந்த விளையாட்டானாலும் மூன்று பொருட்களை வீட்டில் தேடிப் பார்த்து ஒழித்துக்கட்ட வேண்டும். ரிமோட்டிலும் பாட்டுப் பொம்மையிலும் இருக்கும் வட்ட பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், காலைவரை பொறுக்கக் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட சிறு காந்தங்கள் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண உருண்டைகள் வயிற்றுக்குள்ளும் பெருக்கும். நிலக்கடலை, பொட்டுக்கடலை, முழுக் கொண்டைக்கடலை ஆகியவை நாலைந்து வயதுவரை மூச்சுக்குழாயில் மாட்டக்கூடியவை. ஆகவே அவற்றை அளக்கவும் கொட்டவும் கொடுக்க வேண்டாம்.

தனியே விளையாட விடுவது

குழந்தை தனியாக விளையாட, முதலில் நம்மோடு விளையாடியிருக்க வேண்டும். இது முரணாகத் தோன்றும். சமையலுக்கு முன்னால் பத்து நிமிடம், போனைத் தள்ளிவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, அது சொல்கிற விளையாட்டை அது சொல்கிறபடி ஆடுங்கள். சொப்பில் வைத்த காபியைக் குடியுங்கள். பிறகு "அம்மா இப்ப குழம்பு வைக்கப் போறேன், நீ உன் ஹோட்டலுக்குச் சட்னி அரைச்சு வை" என்று ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டு எழுந்திருங்கள். நம் கவனத்துக்குக் காய்ந்துகிடக்கும் குழந்தை நம் புடவையைப் பிடித்துக்கொண்டே இருக்கும். வயிறு நிறைந்த குழந்தைதான் இலையை விட்டு எழும்.

விளையாட்டில் ஆழ்ந்துவிட்டால் இடையில் புகாதீர்கள். "இது என்ன கலர் சொல்லு?", "எத்தனை இருக்கு எண்ணு" என்று பரீட்சை வைப்பது நம் வீடுகளின் கெட்ட பழக்கம். "போரடிக்குது" என்று அது சிணுங்கினாலும் உடனே ஓடிப்போய் ஒன்றைக் கையில் திணிக்க வேண்டியதில்லை. சிணுங்கல் முற்றி அழுகையாகாத வரை பொறுத்துப் பார்க்கலாம். அது எதையாவது கண்டுபிடித்துவிடும்.

போன் பற்றி இரண்டு கணக்குகள். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டல். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2021இல் ஏறக்குறைய இதையே சொன்னது. உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டலில் இன்னொரு கணக்கும் உண்டு, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒன்று முதல் நாலு வயதுவரை உள்ள குழந்தை நாளுக்கு மூன்று மணி நேரமாவது உடம்பை அசைத்து ஓடியாட வேண்டும். இரண்டாவது கணக்கு சரியாக நடந்தால் முதல் கணக்கில் சண்டை குறைகிறது. கொடுக்கிற ஒரு மணி நேரத்தையும் கடிகாரத்தால் அளக்காதீர்கள். "அஞ்சு நிமிஷம்" என்பது மூன்று வயதுக்கு வெறும் சத்தம். "இந்தக் கதை முடிஞ்சதும்" என்றால் புரியும்.

வண்டியில்

பயணத்தில் சிக்கல் வேறு. இடம் சிறியது, ஓட முடியாது, சுற்றிலும் அந்நியர்கள். வண்டிக்கு வண்டி வழியும் மாறும்.

பஸ்ஸிலும் மலைப்பாதையிலும் முதல் எதிரி வாந்தி. உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு "ஓடுகிறோம், திரும்புகிறோம்" என்கிறது. கண்ணோ மடியில் இருக்கும் படத்தையோ போனையோ பார்த்துக்கொண்டு "நின்ற இடத்தில்தான் இருக்கிறோம்" என்கிறது. இந்த இரண்டு செய்தியும் மோதுவதில்தான் குமட்டல் வருகிறது. இரண்டு வயதுக்குள் இது அரிது, அதற்குப் பிறகு பன்னிரண்டு வயதுவரை அதிகம். ஆகவே 40 கொண்டை ஊசி வளைவுள்ள வால்பாறைச் சாலையிலோ 70 வளைவுள்ள கொல்லிமலைச் சாலையிலோ அமைதிக்காகப் போனைக் கொடுப்பது வினையை விலைகொடுத்து வாங்குவது. முன்பக்க இருக்கையாகப் பிடித்து, ஜன்னலைத் திறந்து, தூரத்தில் பார்க்கவையுங்கள். கண் வெளியே இருக்கிற விளையாட்டாக இருக்கட்டும்: அடுத்த வளைவின் எண் பலகையைத் தேடுவது, எதிரே வரும் லாரிகளை எண்ணுவது, விடுகதை, பாட்டு. புறப்படும் முன் வயிறு முட்டவும் கொடுக்க வேண்டாம், காலியாகவும் விட வேண்டாம். இரண்டு இட்லி போதும். மாத்திரை என்றால் மருத்துவர் சொன்னது மட்டும்.

காரில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் உட்காருவது நம் ஊரில் சகஜம். விரியும் ஏர்பேக் அந்தக் குழந்தையைத்தான் முதலில் அடிக்கும். பின்னிருக்கையில், அதற்கான இருக்கையில் பெல்ட்டோடு. பெல்ட் போட்ட குழந்தைக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் வேண்டும். டீக்கடையில் நாம் டீ குடிப்பதோடு அந்த நிறுத்தம் முடிந்துவிடக் கூடாது, சாலையை விட்டுத் தள்ளி ஓர் இடத்தில் அது ஓட வேண்டும். கனமான பொம்மைகளைக் கையில் கொடுக்காதீர்கள். சடன் பிரேக்கில் அவை பறக்கும். விமானத்தில் காது அடைப்பு இறங்கும்போதுதான் அதிகம். அந்த நேரத்துக்கென்று பாலையோ தண்ணீரையோ மிச்சம் வைத்திருந்து விழுங்கவைத்தால் வலி குறையும்.

ரயில்தான் குழந்தைக்குத் தோதான வண்டி. நடக்கலாம், ஜன்னல் உண்டு, கழிப்பறை உண்டு. ஐந்து வயது முடியாத குழந்தைக்குத் தனி இருக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். தனி இருக்கை வேண்டுமானால் பெரியவருக்கான முழுக் கட்டணம். பகல் வண்டியில், ஆறேழு மணி நேரப் பயணத்தில், அந்தக் காசு வீண்போகாது என்பது என் கட்சி.

மதுரையிலிருந்து எழும்பூருக்குக் காலையில் கிளம்பும் வைகை எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்வோம். ஏழு மணி நேரத்தை ஒட்டிய பயணம். முந்தின நாளே குழந்தைக்கென்று ஒரு சின்னப் பை கட்டுங்கள், அதுவே தூக்கக்கூடிய அளவில். உள்ளே நாலைந்து சிறு பொட்டலங்கள், ஒவ்வொன்றும் செய்தித்தாளில் சுற்றியது. பிரிப்பதே ஒரு விளையாட்டு. ஒன்றில் ஸ்டிக்கர் பொட்டு அட்டையும் ஒரு வெள்ளைத்தாளும். மூன்று வயது தாண்டிய கை ஒவ்வொரு பொட்டாகப் பெயர்த்து ஒட்டுவதற்கு அரை மணி நேரம் எடுக்கும். இன்னொன்றில் நான்கைந்து கிரேயான். மற்றொன்றில் ஒரு கைக்குட்டை, அதை மடித்து எலி செய்து கையில் குதிக்கவைக்க யாராவது பெரியவருக்குத் தெரிந்திருக்கும். நாலாவதில் துணி கிளிப் பத்து, ஒரு காலி டப்பா. எல்லாவற்றையும் முதல் மணி நேரத்தில் பிரித்துவிடாமல் இருப்பது உங்கள் சாமர்த்தியம்.

பொட்டலத்தை ஏறியதும் எடுக்க வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்கு ஜன்னலே போதும். கிளம்பிய சில நிமிடங்களில் வைகைப் பாலம், தண்ணீர் இருக்கிறதா என்று குழந்தையே பார்த்துச் சொல்லட்டும். கொடைரோடு தாண்டும்போது வலப்பக்கம் சிறுமலை. "மலை நம்மகூட வருதா, மரம் வருதா?" என்று கேளுங்கள். பக்கத்து மரம் விரைந்து பின்னால் ஓடுவதும், தூரத்து மலை கூடவே வருவதும் நாலு வயதுக்குப் பெரிய அதிசயம். திண்டுக்கல்லுக்குப் பிறகு முதல் பொட்டலம். மணப்பாறை வந்தால் முறுக்கு. ஒரு முறுக்கை ஓர் ஓட்டமாகத் தின்னாமல், வட்டம் வட்டமாக உடைத்துத் தின்பதற்குக் கால்மணி நேரம் ஆகும்.

திருச்சி வருவதற்குள் பொட்டலங்களை மூடிவைத்துவிடுங்கள். இந்த வழியின் சிறந்த காட்சி அங்கேதான். மலைக்கோட்டை, உடனே காவிரிப் பாலம், ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம், அடுத்து கொள்ளிடப் பாலம், எல்லாம் அடுத்தடுத்து. எது முதலில் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் குழந்தை காத்திருந்து பிடிக்கும். பாலத்தில் ஏறியதும் ரயிலின் சத்தம் மாறுவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். பாலம் முடிந்ததைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடும்.

அரியலூர், விருத்தாசலம், விழுப்புரம் வரை ஜன்னலில் பெரிதாக ஒன்றும் இல்லை. சாப்பாடு, தூக்கம், கதை எல்லாம் அந்த நீளத்துக்கு. தூங்காத குழந்தை என்றால் நடைபாதையில் கைபிடித்து ஒரு நடை, கதவுப் பக்கம் போகாமல். ஜன்னல் ஷட்டரை எப்போதும் பெரியவரே ஏற்றி இறக்க வேண்டும், விரல் நசுங்கும் இடம் அது. எதிர் இருக்கைப் பாட்டி பேச்சுக்கொடுத்தால் பேசவிடுங்கள். உங்கள் பொட்டலம் அத்தனையையும்விட அந்தப் பாட்டி அதிக நேரம் தாங்குவார். அவர் நீட்டும் கடலை மிட்டாயை மட்டும் "அப்புறம் தர்றேன் பாட்டி" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

போனைக் கொடுப்பதென்றால் விழுப்புரத்துக்குப் பிறகு கொடுங்கள். அதற்குள் உங்கள் பொறுமையும் குழந்தையின் பொறுமையும் தீர்ந்திருக்கும். கதையை வீட்டிலேயே இறக்கிவைத்திருங்கள், வழியில் சிக்னல் போனால் அழுகை உங்களுக்குத்தான். பாலாறு வரும்போது நிறுத்திவிடலாம், ஏனென்றால் அடுத்து செங்கல்பட்டில் கொளவாய் ஏரி. அதன் பிறகு பக்கத்துத் தண்டவாளத்தில் மின்சார ரயில்கள். எதிரே வருவது எத்தனை, நம்மை முந்துவது எத்தனை, நாம் முந்துவது எத்தனை என்று எண்ணிக்கொண்டே வரலாம். தாம்பரத்தில் குழந்தையின் பையை அதனிடமே கொடுத்து, தன் சாமான்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருக்கைக்கு அடியில் உருண்ட கிரேயானைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. எழும்பூரில் இறங்கியதும் ஆட்டோ பிடிக்கும் அவசரத்தில் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள். கூட்டம் கலையட்டும். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தின் முழு நீளத்துக்கும் நடக்க விடுங்கள், முன்னால் இருக்கும் எஞ்சினைப் போய்ப் பார்த்துவிட்டே வெளியே வாருங்கள்.